துவர்ப்பு தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்தது

ஓட்டல் வேலைக்காக டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற ஒயின் கல்வி அமைப்பின் இரண்டாம் நிலை ஒயின் தேர்வு எழுதப்போவதாகச் சொன்னதும், திசையன்விளையில் என் ஆச்சி கேட்டாள்: "ஏலே, குடிப்பதற்குமா பரீட்சை வைக்கிறார்கள்?"

வைக்கிறார்கள். 50 கொள்குறி வினாக்கள், 60 நிமிடங்கள், தேற 55 சதவீதம். இந்த நிலையில் சுவைத்துக் காட்டும் தேர்வு கிடையாது. வகுப்பிலும் வாயில் சுழற்றித் துப்பிவிடுவதுதான் முறை. ஆகவே குடிப்பழக்கம் இல்லாதவர்கள் தயங்க வேண்டாம்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் தரும் என்று முதல் பாடத்தில் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது நடக்கக் கூடாது என்றுதானே பனையில் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுகிறார்கள்! தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். திராட்சையிலும் இதே கதைதான். சிவப்பு ஒயினுக்குத் தோலோடு சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். வெள்ளைக்குப் பெரும்பாலும் முதலிலேயே பிழிந்து சாற்றை மட்டும் எடுக்கிறார்கள். நிறமும் டானினும் தோலிலிருந்து வருகின்றன.

இந்த டானினையும் அமிலத்தையும் பிரித்தறியத்தான் வகுப்பில் பலர் திணறினார்கள். நாவல்பழம் தின்றவனுக்கு என்ன திணறல்? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, ஈறு வறண்டால் அது டானின்; நம் துவர்ப்பு. புளியை நினைத்ததுமே தாடையோரம் எச்சில் ஊறுகிறதே, அது அமிலம். கேபர்னே சோவிஞ்ஞோன் என்ற சிவப்பு ஒயின் திராட்சையில் முன்னது தூக்கல், ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் திராட்சையில் பின்னது.

மணங்களில் நான் சறுக்கினேன். சோவிஞ்ஞோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் திராட்சையில் கூஸ்பெர்ரி மணம் என்று படித்து, நம் நெல்லிக்காயை முகர்ந்துகொண்டிருந்தேன். அது ஐரோப்பாவில் விளையும் வேறொரு பழமாம். கெவுர்ட்ஸ்டிராமினர் என்ற திராட்சைக்குச் சொல்லும் லிச்சியையும் அப்போது பார்த்ததில்லை. அதன் உறவுக்காரனான ரம்புட்டானைக் குற்றாலச் சீசனில் வாங்கி உரித்துவைத்துச் சமாளித்தேன்.

மதிப்பெண்ணை விழுங்குவது பிரெஞ்சு லேபிள். அதில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் இருக்காது, ஊர்ப்பெயர்தான். திருநெல்வேலி அல்வா என்றால் போதும், கோதுமை என்று யார் எழுதுகிறார்கள்? ஷாப்லி என்றால் ஷார்டனே திராட்சை, சான்செர் வெள்ளை என்றால் சோவிஞ்ஞோன் பிளாங்க். பயிற்சித் தேர்வில் என்னைக் கவிழ்த்தவை புயி-ஃப்யூமேயும் புயி-ஃபுயிஸ்ஸேயும். முன்னது லுவார் பகுதியின் சோவிஞ்ஞோன் பிளாங்க், பின்னது பர்கண்டியின் ஷார்டனே. 'ஃப்யூமே' என்றால் புகை போட்டது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன், பிறகு குழம்பவில்லை. ஊரையும் திராட்சையையும் இரண்டு பத்தியாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பரிமாறும் வெப்பநிலையையும் கேட்பார்கள். கனமான சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' பரிமாற வேண்டும் என்றால் 15 முதல் 18 டிகிரி. பாளையங்கோட்டைச் சித்திரை மாதத்து அறையை நினைத்துக்கொண்டு விடை எழுதிவிடாதீர்கள்.