லினக்ஸில் 'பேக்கேஜ் இல்லை' என்றால் முதலில் பார்க்க வேண்டியது

அக்கா பையன் பெங்களூரில் டிப்ளமோ படிக்கிறான். அவனுக்காக எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினோம், கடைக்காரரே உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டார். லேபுக்கு சி புரோகிராம் எழுத ஜிசிசி என்ற கம்பைலர் வேண்டும், அதற்கு 'பில்ட் எசென்ஷியல்' என்ற பேக்கேஜை, அதாவது மென்பொருள் தொகுப்பை, போட்டால் வரிசையாக 404 (ஃபைல் கிடைக்கவில்லை) என்ற பிழை, கடைசியில் 'ஃபிக்ஸ் மிஸ்ஸிங் போட்டுப் பாருங்கள்' என்று ஒரு யோசனை. அதையும் போட்டுப் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. "மாமா, லேப்டாப் பழசு, அதான் வரமாட்டேங்குது" என்றான்.

லேப்டாப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பேக்கேஜ்களை இறக்கிப் போடும் கருவியான ஆப்டுக்கு 'சூடோ ஆப்ட் அப்டேட்' என்று கட்டளை கொடுத்து, வந்த வரிகளை மேலிருந்து நிதானமாகப் படித்தோம். 'மேன்டிக்' என்ற பெயரைச் சொல்லி, அதற்கு ரிலீஸ் ஃபைல் (சர்வரில் இருக்க வேண்டிய அந்தப் பதிப்பின் விவரக் கோப்பு) இல்லை என்று தெளிவாகவே எழுதியிருந்தது. மேன்டிக் என்பது உபுண்டு 23.10. 2023 அக்டோபரில் வந்தது, இந்த மாதிரி இடைக்காலப் பதிப்புகளுக்கு 9 மாதம்தான் ஆதரவு, 2024 ஜூலையோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு பேக்கேஜ்களை எல்லாம் வழக்கமான சர்வரிலிருந்து எடுத்து 'ஓல்ட் ரிலீசஸ்' என்ற சர்வருக்கு மாற்றிவிடுவார்கள், லேப்டாப்போ இன்னும் பழைய முகவரியிலேயே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

மறுநாள் அவனுக்கு லேப் தேர்வு. அதனால் ஆப்ட் ஃபோல்டரில் உள்ள சோர்சஸ் லிஸ்ட் கோப்பை நகல் எடுத்து வைத்துவிட்டு, அதில் ஆர்க்கைவ், செக்யூரிட்டி என்று வரும் உபுண்டு முகவரிகளை எல்லாம் ஓல்ட் ரிலீசஸ் முகவரியாக மாற்றி, மறுபடி அப்டேட் கொடுத்தோம். பிழை எதுவும் வரவில்லை, ஜிசிசியும் உட்கார்ந்துவிட்டது. ஆனால் இது அவசரத்துக்குத்தான், அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் இனி வராது. தேர்வு முடிந்ததும் பென்டிரைவில் 24.04 ஏற்றி, புதிதாகவே போட்டோம். அது எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு, 2029 வரை ஆதரவு உண்டு.

அங்கே இன்னொரு சிக்கல். அவனுக்கு வேண்டிய ஒரு மென்பொருளின் குறிப்பில் 'லிப்அசவுண்ட்2' என்ற ஒலி லைப்ரரியைப் போடச் சொல்லியிருந்தது, போட்டால் 'நோ இன்ஸ்டாலேஷன் கேண்டிடேட்', அதாவது அந்தப் பெயரில் போடுவதற்கு எதுவும் இல்லை, என்கிறது. கூடப் படிக்கும் பையன் ஏதோ ஒரு தளத்திலிருந்து அதன் டெப் ஃபைலை (உபுண்டு பேக்கேஜ் கோப்பை) நேரடியாக இறக்கச் சொன்னானாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வேறு பதிப்புக்குச் செய்த டெப் ஒன்றைத் திணித்தால் அது இன்னொன்றைக் கேட்கும், அது மூன்றாவதைக் கேட்கும், கடைசியில் ஆப்ட் மொத்தமாகச் சிக்கிக்கொள்ளும், பிறகு 'ஃபிக்ஸ் புரோக்கன்' போட்டு அவிழ்க்க வேண்டியிருக்கும். இங்கே பேக்கேஜின் பெயர்தான் மாறியிருக்கிறது. பழைய 32 பிட் கணக்கில் நேரம் 2038 ஜனவரி 19-க்கு மேல் ஓடாது என்பதால் 64 பிட் நேரத்துக்கு மாறியபோது, நிறைய லைப்ரரிகளின் பெயரில் 'டி64' ஒட்டிக்கொண்டது. பிழைச் செய்தியிலேயே 'லிப்அசவுண்ட்2டி64' என்ற பெயர் இருந்தது, அதைப் போட்டோம், வேலை முடிந்தது.

சரி, பெயரும் தெரியாமல் ஏதோ ஒரு ஃபைல் மட்டும் இல்லை என்று வந்தால் 'ஆப்ட் ஃபைல்' என்ற கருவியைப் போட்டு, அதையும் ஒருமுறை அப்டேட் செய்துவிட்டு, அந்த ஃபைல் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். எந்த பேக்கேஜுக்குள் அது இருக்கிறது என்று சொல்லிவிடும்.