மெமரி கார்டுக்கு விண்ணப்பத்தில் இடமில்லை

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு, தொலைநிலையிலும் கலப்பு முறையிலும் பாடம் நடத்தத் தொழில்நுட்பத்தைச் சிறப்பாகப் பயன்படுத்தியமைக்கான அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. உயர்தொழில்நுட்பக் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியன் என்ற முறையில், விண்ணப்பக் கோப்பைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் அதற்காக அலைந்த அலைச்சலில் எவ்வளவு வீண் என்று நினைக்கும்போது மனம் இன்னும் ஆறவில்லை. இதற்கோ இதுபோன்ற வேறோர் அங்கீகாரத்துக்கோ விண்ணப்பிக்க எண்ணும் பள்ளிகளுக்கு அந்த அலைச்சல் நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இணையதளத்தில் பதிவு செய்தல், தலைமையாசிரியரின் உறுதிமொழி, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் ஆகியவை தடையின்றி முடிந்தன. சிக்கல் தன்மதிப்பீட்டுப் படிவத்தில் தொடங்கியது. எத்தனை கணினிகள், இணைய வேகம் என்ன, வாரத்துக்கு எத்தனை நேரலை வகுப்புகள், அவற்றில் வருகை எத்தனை விழுக்காடு என்பவைதான் அதன் கேள்விகள். எங்கள் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஊராட்சிகளின் மலைக் குக்கிராமங்களைச் சேர்ந்தவர்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, அங்கே பல வீடுகளில் கைப்பேசி இருந்தாலும் சிக்னல் கிடையாது. அவர்களுக்கு நேரலை வகுப்பு எப்படி நடத்த முடியும்?

நாங்கள் செய்தது வேறு. 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்ட, தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சியின் நேர அட்டவணையைத் தொலைக்காட்சி உள்ள வீடுகளுக்கு எழுதி அனுப்பினோம். 2020 ஜூலையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் அரசு மடிக்கணினிகளில் ஆய்வக சர்வரிலிருந்து பாடக் காணொளிகளை ஏற்றித் தரும் ஏற்பாடு வந்தபோது, அதோடு நிற்காமல் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பாடங்களைச் சுருக்கி, பட்டன் போனிலும் ஓடும் வடிவத்துக்கு மாற்றி, மெமரி கார்டுகளில் ஏற்றினோம். ஊரடங்கு தளர்ந்து ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை மீண்டும் கூடத் தொடங்கிய பிறகு, சந்தைக்கு இறங்கி வரும் பெற்றோரிடம் அந்தக் கார்டுகளைக் கொடுத்தனுப்பினோம். பிள்ளைகள் தங்கள் விடைகளையும் சந்தேகங்களையும் குரலாகப் பதிந்து, அடுத்த சந்தைக்கு அதே கார்டைத் திருப்பி அனுப்பினார்கள். 2021 செப்டம்பர் 1 முதல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான வகுப்புகள் சுழற்சி முறையில் நடந்தபோதும், வீட்டில் இருந்த பாதிப் பேருக்கு அன்றைய பாடத்தின் ஒலிப்பதிவு இதே வழியில்தான் போனது.

இதைச் சொல்வதற்குப் படிவத்தில் இருந்த ஒரே இடம், ‘இதர முயற்சிகள்’ என்ற பெயரில் 500 எழுத்துகள் மட்டும் ஏற்கும் ஒரு கட்டம். தமிழில் நிரப்புவோர் இங்கே கவனமாக இருக்க வேண்டும். ‘கி’, ‘கொ’ போன்ற உயிர்மெய் எழுத்துகளையும் புள்ளி வைத்த மெய்யெழுத்துகளையும் கணினி இரண்டிரண்டாக எண்ணுவதால், ஐந்நூறு எழுத்து என்பது நடைமுறையில் ஐந்தாறு வாக்கியங்களுக்கு மேல் தாங்காது. நான் எழுதியதெல்லாம் பாதியில் வெட்டுப்பட்டுச் சேமிக்கப்பட்டது. கடைசியில் அந்தக் கட்டத்தில் ‘இணைப்பின் முதல் பக்கம் காண்க’ என்ற குறிப்போடு இரண்டே வாக்கியங்களை எழுதிவிட்டு, முழு விவரத்தையும் பிடிஎஃப் இணைப்பில் வைத்தேன். மதிப்பீட்டாளர்கள் அதைத்தான் படித்தார்கள் என்பது நேர்காணலில் தெரிந்தது.

அடுத்தது யூ-டைஸ் பிளஸ் பதிவு; அதாவது, நாட்டிலுள்ள பள்ளிகளின் விவரங்களை ஆண்டுதோறும் திரட்டும் தேசியத் தரவுத்தளத்தில் எங்கள் பள்ளியைப் பற்றி இருப்பது. பள்ளியின் 11 இலக்கக் குறியீட்டை உள்ளிட்டவுடன், விண்ணப்பத் தளம் பழைய ஆண்டுகளின் விவரங்களைத் தானே எடுத்துக்கொள்கிறது. அவற்றுள் ஓர் ஆண்டில் எங்கள் பள்ளிக்கு ‘இணைய வசதி இல்லை’ என்று இருந்தது. மாநிலத்தின் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் அமைக்கப்பட்ட உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களுள் ஒன்று எங்களிடம் இயங்கிக்கொண்டிருந்தபோதும் பதிவு அப்படித்தான் நின்றது. விண்ணப்பம் ‘தரவு முரண்பாடு’ என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது.

திருத்தம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனால், அந்த ஆண்டின் பதிவு பூட்டப்பட்டுவிட்டது, மேலே போய்க் கேளுங்கள் என்றார் இருக்கை எழுத்தர். வேலூர் வரை போய் மேலே கேட்டால், கீழிருந்து முகப்புக் கடிதம் இல்லாமல் எதையும் பார்க்க இயலாது என்று திருப்பி அனுப்பினார்கள். முகப்புக் கடிதம் வாங்கிச் சென்ற நாளில், அதைக் கவனிப்பவர் பயிற்சிக்குப் போயிருந்தார். இவ்வளவுக்கும் பிறகு, அந்த அலுவலகத்திலேயே இன்னொரு பிரிவில் இருந்த ஓர் அம்மா என் கோப்பைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘சார், முடிந்துபோன ஆண்டின் பதிவை யாராலும் மாற்ற முடியாது, உங்களுக்குத் தேவை திருத்தம் இல்லை, விளக்கக் கடிதம்’ என்றார். இந்த ஒரு வாக்கியத்தை முதல் இருக்கையில் இருந்தவர் சொல்லியிருந்தால், பாடவேளைகளை விட்டுவிட்டு நான் பேருந்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அந்த நேரம் பிள்ளைகளுடையது என்பதுதான் என் வருத்தம்.

ஆகவே உங்கள் பள்ளிக்கும் இப்படி முரண்பாடு காட்டினால், திருத்தம் கேட்டு அலைய வேண்டாம். ஆய்வகம் நிறுவப்பட்ட அறிக்கை, இருப்புப் பதிவேட்டின் உரிய பக்கம், அந்தக் காலத்து இணையக் கட்டண ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களில் தலைமையாசிரியரின் மேலொப்பம் பெற்று, விளக்கக் கடிதத்தோடு இணைத்துவிடுங்கள். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் மனுவின் நகலில் தேதியோடு பெறுகை முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

சான்றுகளைத் திரட்டுவது இதைவிடக் கடினம். நிழற்படங்கள் எடுத்த தேதியோடு இருக்க வேண்டும் என்பது விதி. வாட்ஸ்அப் வழியாக வந்த படங்களில் எடுத்த நேரமும் இடமும் நீங்கிவிடுவதால், குழுவிலிருந்து எடுத்த படங்கள் எவையும் ஏற்கப்படவில்லை. படம் எடுத்தவரின் கைப்பேசியிலோ அவருடைய இணையச் சேமிப்பிலோ மூலப்படம் இருந்தால்தான் உண்டு. இடையில் ஆசிரியர்கள் பலர் கைப்பேசியை மாற்றிவிட்டிருந்தார்கள். கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் வருகை அறிக்கை கிடைக்காது என்பதால், கைப்பேசி வசதி இருந்த பிள்ளைகளுக்கு நடத்திய நேரலை வகுப்புகளுக்கும் கணினிச் சான்று இல்லை. வாட்ஸ்அப் குழு உரையாடலை ஏற்றுமதி செய்து இணைக்கலாம்; அதற்கும் வரம்பு உண்டு. படங்களோடு என்றால் கடைசி 10,000 செய்திகளும், படங்கள் இல்லாமல் என்றால் 40,000 செய்திகளும்தான் வரும். பேச்சு நிறைந்த குழுவில் 2020-ஆம் ஆண்டுச் செய்திகள் அந்த வரம்புக்கு வெளியே போய்விடுகின்றன. ஆண்டு முடியும்போதே ஒவ்வொரு வகுப்புக் குழுவையும் ஏற்றுமதி செய்து பள்ளிக் கணினியில் வைத்துவிடுவது நல்லது.

எங்களைக் கரை சேர்த்தது எங்கள் தமிழாசிரியை பராமரித்த ஒரு நீள நோட்டு. ஒவ்வொரு கார்டுக்கும் எண் இட்டு, எந்தப் பிள்ளைக்கு, எந்தப் பாடம், எந்தச் சந்தையன்று போனது, எப்போது திரும்பியது, வாங்கிக்கொண்டவர் கையொப்பம் அல்லது கைநாட்டு என்று வரி வரியாக எழுதி வைத்திருந்தார். யாரும் கேட்காமலேயே, கார்டு தொலைந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் தொடங்கிய பதிவு அது. எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து இணைத்தோம். மொத்தக் கோப்பிலும் மறுகேள்வி எழாத ஒரே சான்று அதுதான்.

விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய மூன்று நிமிடக் காணொளியில் முகம் தெரியும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்றார்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. ஆனால் படத்தில் இருந்தவர்களில் பலர் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். சிலரின் பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்கள். தொலைபேசியில் சொன்ன ஒப்புதல் செல்லாது என்று பதில் வந்ததும், பழைய காட்சிகளை விட்டுவிட்டுப் புதிதாகப் படமெடுத்தோம். கார்டைச் செருகும் விரல்கள், நோட்டில் எழுதும் கை, ஒலிப்பதிவைக் கேட்கும் பிள்ளையின் முதுகுப்புறம், பின்னணியில் அவர்களின் குரல். முன்னதைவிட இது நன்றாகவே அமைந்தது. பிள்ளைகளின் முகங்களைக் காட்டித்தான் பள்ளியின் பெருமையைச் சொல்ல வேண்டும் என்ற பழக்கத்தை நாம் எல்லோருமே விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

கோப்பை அனுப்புவதற்கு முன், அதில் கொடுத்திருக்கும் இணையச் சுட்டிகள் (லிங்க்) ஒவ்வொன்றையும் எந்தக் கணக்கிலும் உள்நுழையாத வேறொரு கைப்பேசியில் திறந்து பாருங்கள். அனுமதி கேட்கும் சுட்டி, மதிப்பீட்டாளருக்கு இல்லாத சுட்டிக்குச் சமம்.

நேர்காணல் இணையவழியில் நடந்தது. நாளொன்றுக்கு இரண்டு பாடங்களுக்கு மேல் ஏன் கொடுக்கவில்லை என்று ஒருவர் சற்றுக் கடுமையாகக் கேட்டார். மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இன்றைய கல்வி அமைச்சகம்) 2020 ஜூலையில் இணையவழிக் கல்விக்காக வெளியிட்ட பிரக்யதா வழிகாட்டுதலில், எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு 30 முதல் 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாது, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்குக்கு மேல் கூடாது என்று இருப்பதைச் சொன்னேன். மேல் வகுப்புகளிலும் நாங்கள் இரண்டோடு நிறுத்தியதற்குக் காரணம், அந்தப் பிள்ளைகள் காலையில் ஆடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் போய்விட்டு மாலையில்தான் கைப்பேசியைத் தொட்டார்கள் என்பதையும் சொன்னேன். அதன்பின் குழுத்தலைவர் நேராக நீள நோட்டுக்கு வந்துவிட்டார். திரும்பி வந்த ஒலிப்பதிவுகளை யார் கேட்டார்கள், பிள்ளைக்கு எப்படிப் பதில் போனது என்று அவர் விரிவாகக் கேட்டபோது, தமிழாசிரியையே அருகில் உட்கார்ந்து பதில் சொன்னார். எனக்கு அந்தச் சான்றிதழைவிட அந்த உரையாடல் பெரிது.

கள ஆய்வு அமைதியாக முடிந்தது.

இப்போது தலைமையாசிரியரின் கையொப்பத்தோடு அங்கீகாரம் வழங்கிய அமைப்புக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறோம். சிக்னல் இல்லாத ஊர்களுக்குப் பாடம் கொண்டு சேர்த்த வழிமுறைகளுக்கென்று படிவத்தில் தனிப் பகுதி வேண்டும், நேரலை வருகை விழுக்காடு கேட்கும் இடத்தில் ‘பதிவு செய்து அனுப்பிய பாடங்கள்’ என்ற தெரிவும் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அடுத்த சுற்றுக்குப் பரிசீலிப்பதாகப் பதில் வந்திருக்கிறது. விண்ணப்பிக்கப் போகிறவர்கள் படிவத்தைத் திறந்ததும் அந்தப் பகுதி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேராமல் இருந்தால், உங்கள் இணைப்பின் முதல் பக்கத்தை அதற்கென்றே ஒதுக்கிவிட்டு, நீங்களும் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.