அந்த 'அல்ல' காதில் விழ வேண்டும்

நான் குற்றவியல் நடுவராகப் பொறுப்பேற்ற முதல் வருடம். காவிரிக் கரையில் ஒரு சின்ன ஊர். பழைய ஓட்டுக் கட்டடம், தலைக்கு மேல் கடகடவென்று இரண்டு மின்விசிறிகள். அன்று ஒரு சைக்கிள் திருட்டு வழக்கில் தீர்ப்பு. எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, அறுபது வயதிருக்கும், கூலி வேலை. எழுதி வைத்திருந்த கடைசிப் பத்தியைப் படித்தேன்: "அரசு தரப்பு தனது வழக்கை ஐயந்திரிபற மெய்ப்பிக்கத் தவறியுள்ளதால், சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து, எதிரி குற்றவாளி அல்ல எனத் தீர்மானித்து, குற்றவிசாரணை முறைச் சட்டம் பிரிவு 248(1)-ன்கீழ் விடுதலை செய்து தீர்ப்பளிக்கப்படுகிறது."

கையெழுத்துப் போட்டேன். பெஞ்ச் கிளார்க் அவரை வெளியே போகச் சொல்லிக் கைகாட்டிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். மதியம் சுருக்கெழுத்தர் தயங்கியபடி என் அறைக்கு வந்தார். "அம்மா, காலையில விடுதலை பண்ணீங்களே, அந்தப் பெரியவர் புளியமரத்தடியில உட்கார்ந்து அழுதுக்கிட்டே இருந்தாராம். ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போக வேன் வரும்னு நினைச்சிருக்கார்." வக்கீலின் ஜூனியர் வந்து சொல்லும்வரை இரண்டு மணி நேரம் அவர் அப்படியே இருந்திருக்கிறார். அவர் காதில் விழுந்தது 'குற்றவாளி' மட்டும்தான். 'அல்ல' விசிறிச் சத்தத்தில் போய்விட்டது.

இது நடந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு, புதிதாகத் தேர்வாகும் சிவில் நீதிபதிகளுக்கு வகுப்பெடுக்க அவ்வப்போது என்னை அழைக்கிறார்கள். தீர்ப்பு எழுதுவது பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் தீர்ப்பைச் சொல்வது பற்றி மட்டுமே பேசுகிறேன்.

முதல் வகுப்பில் தமிழ் இலக்கணத்திலிருந்துதான் தொடங்குவேன். நம் மொழியில் வினை கடைசியில் வரும். ஆமா, இல்லையா என்பதும் கடைசியில்தான் தெரியும். 'மெய்ப்பிக்கப்பட்டுள்ளது', 'மெய்ப்பிக்கப்படவில்லை' இரண்டுக்கும் வாலில்தான் வித்தியாசம். ஆனால் தாளைப் பார்த்துப் படிக்கும் எவருக்கும் வாக்கியம் முடியும் இடத்தில் மூச்சு குறையும், குரல் இறங்கும், கண் அடுத்த வரிக்குப் போய்விடும். ஒருவருடைய வாழ்க்கை தொங்கிக்கொண்டிருக்கும் அந்தக் கடைசிச் சில எழுத்துகளை நாம் முணுமுணுத்துவிட்டுப் போகிறோம். நாற்பது சொல் வாக்கியமாக இருந்தால் அந்த வால் வரும்வரை கூண்டில் நிற்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அதனால் நான் சொல்வது இதுதான். முடிவை முதலில் சொல்லுங்கள். மூன்று நான்கு சொல்லில், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். "உங்களை விடுதலை செய்கிறேன்." அதன் பிறகு காரணத்துக்குப் போகலாம்.

"மேடம், ஜட்ஜ்மென்ட்ல இருக்கிறதை அப்படியே படிக்க வேண்டாமா? பேச்சுத் தமிழ்ல சொன்னா அப்பீல்ல தப்பாகிடாதா?" என்று ஒவ்வொரு அணியிலும் யாராவது கேட்பார்கள். நியாயமான பயம்தான். எழுத்துத் தீர்ப்பில் ஓர் எழுத்தையும் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் பழைய குற்றவிசாரணை முறைச் சட்டம் பிரிவு 353-ஐ எடுத்துப் பாருங்கள். தீர்ப்பை முழுவதுமாகச் சொல்லலாம், முழுவதுமாக வாசிக்கலாம், அல்லது முடிவைச் சொல்லும் செயற்பகுதியை மட்டும் வாசித்து அதன் சாரத்தை எதிரிக்கோ அவருடைய வக்கீலுக்கோ புரியும் மொழியில் விளக்கலாம். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் பிரிவு 392-லும் இந்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது. 'வாசித்து' என்பதோடு சட்டம் நிற்கவில்லை, 'விளக்கி' என்றும் கேட்கிறது. 'எதிரிக்கோ வக்கீலுக்கோ' என்பதில் இருக்கும் அந்த 'ஓ'தான் நமக்குச் சாக்காகிவிட்டது. வக்கீலுக்குப் புரிந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். என் பெரியவரின் வக்கீல் அன்று பக்கத்துக் கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் இருந்தார்.

வாயால் சொல்வது வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு லக்னோ வழக்கைச் சொல்வேன். 1952 டிசம்பரில் கொலை வழக்கு மேல்முறையீடு ஒன்றை இரண்டு உயர் நீதிமன்ற நீதிபதிகள் கேட்டு, தீர்ப்பை ஒத்திவைத்தார்கள். ஒருவர் தீர்ப்பைத் தயாரித்து, கையெழுத்திட்டு, மற்றவருக்கு அனுப்பினார். அது மன்றத்தில் சொல்லப்படும் முன்பே, தயாரித்தவர் இறந்துவிட்டார். ஜனவரியில் மற்றவர் அதைப் படித்துத் தீர்ப்பளித்தார். அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சுரேந்திர சிங் வழக்கு, நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு. திறந்த மன்றத்தில் சொல்லப்படும் வரை அது வரைவுதான், சொல்லும் நொடி வரை நீதிபதி மனம் மாறலாம் என்பது அதன் சாரம். கையெழுத்துக்குக் கூட இல்லாத உயிர் அந்தச் சொல்லுக்கு இருக்கிறது.

இன்னொரு விஷயம் படர்க்கை. நம் தீர்ப்பு எதிரே நிற்பவரை 'எதிரி' என்று வேறு யாரையோ போலப் பேசும். 2022 ஜூலையில் லண்டன் ஓல்ட் பெய்லி குற்றவியல் நீதிமன்றத்தில் நீதிபதி சாரா மன்றோ தண்டனை விதித்ததை முதன்முறையாகக் கேமராவில் பதிவு செய்து ஒளிபரப்ப அனுமதித்தார்கள். அங்கே தண்டனை உரை எதிரே இருப்பவரிடமே 'நீங்கள்' என்று பேசுவது வழக்கம். நம் ஊரிலும் தண்டனைக்கு முன்னால் "என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" என்று கேட்கிறோம். "ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்குங்கய்யா" என்பார். அடுத்த வரியே அபராதத் தொகை என்றால், அவர் சொன்னது நம் காதில் விழவே இல்லை என்றுதான் அவர் நினைப்பார். "பிள்ளைகளைப் பற்றிச் சொன்னீங்க, அதையும் யோசித்தேன்" என்று சொல்ல எத்தனை விநாடி ஆகும்?

சிவில் வழக்கில் தோற்றவரைப் பார்த்துப் பேசுங்கள் என்பேன். ஜெயித்தவர் காரணம் கேட்பதில்லை.

வகுப்பில் பாதி நேரம் பயிற்சிதான். விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, கடைசி பெஞ்சில் செல்போனை வைத்துப் பதிவு செய்வோம். தன் குரலையே திரும்பக் கேட்கும்போது பலருக்கு முகம் மாறிவிடும். சென்ற மாத வகுப்பில் கேன்டீனில் வேலை பார்க்கும் ஓர் அக்காவை உட்காரச் சொன்னேன். இரவில் வீடு புகுந்து திருடிய வழக்கு. கூண்டில் நிற்பவரின் அம்மா அவர் என்று வைத்துக்கொண்டோம். ஓர் இளம் நீதிபதி கணீரென்று படித்தார்: முதல் குற்றத்துக்கு இரண்டாண்டு கடுங்காவல், இரண்டாவதற்கு ஓராண்டு கடுங்காவல், தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும், ஏற்கெனவே சிறையில் இருந்த எழுபது நாட்களைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

"எத்தனை வருஷம்கா?" என்று கேட்டேன்.

"மூணு வருஷம். அப்புறம் ஒரு எழுபது நாள்."

அறையில் சத்தமே இல்லை. அந்த இளம் நீதிபதி தாளைக் கீழே வைத்தார். இரண்டாவது முறை வேகத்தை மட்டும் குறைத்தார். அக்கா இப்போதும் மூணு வருஷம் என்றார். 'ஏககாலம்' என்ற சொல்லை எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அது 'ஏககாலம்'தான்.

மூன்றாவது முறை எழுந்து நின்றுகொண்டார். தாள் மேசையிலேயே கிடந்தது. "உங்க பையன் திருடினது நிரூபணமாகியிருக்கும்மா. மொத்தம் ரெண்டு வருஷம் தண்டனை. ரெண்டு குற்றத்துக்கும் தனித்தனியா போட்டிருக்கேன், ஆனா ரெண்டும் ஒண்ணாவே ஓடும். ஏற்கெனவே உள்ள இருந்த எழுபது நாள் இதுல கழிஞ்சிடும். இந்தத் தீர்ப்பு தப்புன்னு நினைச்சா முப்பது நாளுக்குள்ள அப்பீல் போகலாம். தீர்ப்பு நகல் இலவசமா இப்பவே தருவோம்."

அக்கா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "ரெண்டு வருஷத்துக்குள்ள வந்துடுவான். முப்பது நாளுக்குள்ள வக்கீலைப் பார்க்கணும்." பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேசையில் இருந்த டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார்.