காணாததையும் பதிவு செய்யும் கணக்கெடுப்பு: ஏடபிள்யூஎஸ் லோட் பேலன்ஸர்கள்

இணையத்துக்குத் திறந்திருக்கும் நமது லோட் பேலன்ஸர்களில் (வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்தளிப்பவை) டிஎல்எஸ் 1.0 (இணைப்பை மறையாக்கும் நெறிமுறையின் பழைய பதிப்பு) இணைப்பை இன்னும் ஏற்றுக்கொள்பவை எவை என்பது, பாதுகாப்புத் தணிக்கையின்போது தவறாமல் எழும் கேள்வி. டிஎல்எஸ் 1.0, 1.1 ஆகிய இரண்டையும் கைவிட வேண்டும் என்று இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 8996 அறிவித்தது 2021 மார்ச் மாதத்தில். கேள்வி ஒரு வரிதான். ஆனால் அமேசானின் மேகக் கணினிச் சேவையான ஏடபிள்யூஎஸ்-இல் பல கணக்குகளும் பல ரீஜன்களும் (தரவு மையங்கள் அமைந்த புவிப் பகுதிகள்) உள்ள இடத்தில் அதற்கு விடை தேட, கன்சோலில் கணக்கு கணக்காக நுழைந்து, ரீஜன் ரீஜனாக மாற்றி, ஒவ்வொரு லிஸனரையும் (லோட் பேலன்ஸரில் இணைப்புகளை ஏற்கும் அமைப்பு) திறந்து பார்க்க வேண்டும். இந்த வேலையைப் பைத்தானில், ஏடபிள்யூஎஸ்ஸை அழைக்க உதவும் போட்டோ3 நூலகத்தைக் கொண்டு எழுதிய ஒரு ஸ்கிரிப்ட்டிடம் ஒப்படைத்திருக்கிறேன். அதை எழுதும்போது எனக்கு உறுதிப்பட்ட ஒன்றை இங்கே விளக்க விரும்புகிறேன். ஏபிஐ (நிரல்கள் சேவையிடம் கேட்கும் வாயில்) தரும் விடைகளைச் சேர்த்து வைப்பது எளிது. உண்மையிலேயே எதுவும் இல்லாத இடத்தையும், இருந்தும் நம் கண்ணுக்குப் படாத இடத்தையும் பிரித்துக் காட்டுவதில்தான் உழைப்பின் பெரும்பகுதி செல்கிறது.

முதல் இடறல் இந்தச் சேவையின் வரலாற்றிலேயே இருக்கிறது. 2009-இல் வந்த எலாஸ்டிக் லோட் பேலன்ஸிங் இன்று கிளாசிக் என்று அழைக்கப்படுகிறது. அப்ளிகேஷன் லோட் பேலன்ஸர் 2016-இலும், நெட்வொர்க் லோட் பேலன்ஸர் 2017-இலும், கேட்வே லோட் பேலன்ஸர் 2020-இலும் வந்தன. பின்னால் வந்த இந்த மூன்றுக்கும் ஒரே ஏபிஐ. கிளாசிக் வகைக்கு மட்டும் பழைய ஏபிஐ தனியாக இருக்கிறது. போட்டோ3-இல் இவை இஎல்பி, இஎல்பிவி2 என்ற இரு வேறு கிளையன்ட்கள். புதிய கிளையன்ட்டிடம் லோட் பேலன்ஸர்களின் பட்டியலைக் கேட்டால், கிளாசிக் வகையில் ஒன்றைக்கூடச் சொல்லாது. பிழைச் செய்தியும் வராது. பழைய வகைதான் பழைய டிஎல்எஸ் அமைப்புகளோடு நீடித்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், புதிய ஏபிஐயோடு நின்றுவிடும் கணக்கெடுப்பு, தேட வேண்டிய இடத்தையே விட்டுவிடுகிறது.

ரீஜன்களின் கதை இன்னும் நுட்பமானது. மெய்நிகர் சர்வர்களுக்கான இசி2 சேவையின் டிஸ்கிரைப் ரீஜன்ஸ் அழைப்பு, அந்தக் கணக்கில் இயக்கப்பட்டிருக்கும் ரீஜன்களை மட்டுமே இயல்பாகத் தருகிறது. 2016-இல் தொடங்கிய மும்பை எல்லாக் கணக்குகளுக்கும் தானாகவே திறந்திருக்கும்; 2022-இல் தொடங்கிய ஹைதராபாத்தைக் கணக்கின் உரிமையாளர் முயன்று இயக்க வேண்டும். இயக்காத ரீஜனில் எதுவும் இருக்காது என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஒரு ரீஜனை இயக்கி, அங்கே வளங்களை உருவாக்கி, அவற்றை அழிக்காமலேயே ரீஜனை முடக்கியிருந்தால், அந்த வளங்கள் அங்கேயே இருக்கும், கட்டணமும் தொடரும். நம்மால் அணுக முடியாது, அவ்வளவுதான். ஆகவே எல்லா ரீஜன்களையும் அவற்றின் நிலையோடு தருமாறு கேட்டு, முடக்கப்பட்டவற்றை ‘பார்க்கவில்லை’ என்ற வகையில் எழுதி வைக்கிறேன்.

கணக்குகளுக்கும் இதே முறைதான். பல கணக்குகளை ஒன்றாக நிர்வகிக்கும் ஆர்கனைசேஷன்ஸ் சேவையிடம் கணக்குகளின் பட்டியலைப் பெற்று, ஒவ்வொன்றிலும் படிக்க மட்டுமே உரிமையுள்ள ஒரு ரோலை (உரிமைகளின் தொகுப்பு) ஏற்று, அந்தத் தற்காலிக அடையாளத்தோடு ஸ்கிரிப்ட் உள்ளே செல்கிறது. ரோலை ஏற்க அனுமதி மறுக்கப்பட்டாலும், நிறுவன அளவிலான கொள்கை ஒரு ரீஜனையே தடுத்திருந்தாலும், ஸ்கிரிப்ட் நின்றுவிடக் கூடாது. அதே சமயம் அதைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்லவும் கூடாது. பிழையைப் பிடித்து, வெற்றுப் பட்டியலைத் திருப்பித் தந்து, அடுத்ததற்குப் போகும் நிரல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றின் அறிக்கையில் ‘இந்தக் கணக்கில் லோட் பேலன்ஸர் இல்லை’ என்பதற்கும் ‘இந்தக் கணக்கைப் படிக்க அனுமதி இல்லை’ என்பதற்கும் எந்த வேறுபாடும் தெரிவதில்லை. என் வெளியீட்டின் தலைப்பகுதியில் கணக்கு, ரீஜன், ஏபிஐ ஆகிய மூன்றின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு வரி உண்டு: முழுமையாகப் படிக்கப்பட்டது, மறுக்கப்பட்டது, பாதியில் நின்றது, பார்க்கவில்லை. இந்தப் பகுதியைப் படிக்காமல் கீழே உள்ள பட்டியலை எவரும் மேற்கோள் காட்டக் கூடாது என்று சக பணியாளர்களிடம் வலியுறுத்துகிறேன்.

விடைகள் பக்கம் பக்கமாகப் பிரிந்து வருவதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு அழைப்புக்கு அதிகபட்சம் 400 லோட் பேலன்ஸர்கள் வரும். மீதியிருந்தால் அடுத்த பக்கத்தைச் சுட்டும் நெக்ஸ்ட்மார்க்கர் வரும். போட்டோ3-இன் பேஜினேட்டர் அதைக் கவனித்துக்கொள்ளும். வளங்களின் மீது ஒட்டும் குறிச்சொற்களான டேக்குகளைக் கேட்கும்போது மட்டும் ஒரு அழைப்பில் 20 வளங்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

லோட் பேலன்ஸரின் பெயரும் டிஎன்எஸ் முகவரியும் கிடைத்தவுடன் கணக்கெடுப்பு முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது தொடக்கமாகவே தெரிகிறது. போக்குவரத்து எங்கே போகிறது என்பதை அறிய, லோட் பேலன்ஸரிலிருந்து லிஸனருக்கும், லிஸனரிலிருந்து விதிகளுக்கும், விதிகளிலிருந்து டார்கெட் குரூப்புக்கும் (கோரிக்கைகளைப் பெறும் டார்கெட்டுகளின் குழு), அங்கிருந்து டார்கெட்டுகளின் நிலைக்கும் தனித்தனி அழைப்புகளால் இறங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் விடுபடக்கூடியது ஒன்று காத்திருக்கிறது. ஒரு விதி ஒரே டார்கெட் குரூப்புக்கு அனுப்பினால், அதன் ஏஆர்என் (வளத்தின் தனி அடையாளம்) விதியின் செயல் பகுதியில் மேல்மட்டத்திலேயே கிடைக்கும். எடை பிரித்து இரண்டு குரூப்புகளுக்கு அனுப்பினாலோ அந்த மேல்மட்டப் புலம் வராது. ஃபார்வர்ட்கான்ஃபிக் என்ற உட்பகுதியில்தான் தேட வேண்டும். மேல்மட்டத்தை மட்டும் படிக்கும் நிரலுக்கு அந்த விதி எங்கும் அனுப்பாத விதியாகத் தோன்றும். படிப்படியாகப் புதிய பதிப்புக்கு மாறிக்கொண்டிருக்கும் முக்கியமான சேவைகள்தான் பெரும்பாலும் அப்படி அமைந்திருக்கும். விதியின் முன்னுரிமை எண்ணும் எண்ணாக வருவதில்லை, எழுத்துச் சரமாக வருகிறது. கடைசி விதிக்கு ‘டிஃபால்ட்’ என்ற சொல்லே முன்னுரிமையாக இருக்கும். அப்படியே வரிசைப்படுத்தினால் 10 என்பது 9-க்கு முன்னால் போய் நிற்கும். எந்த விதி முதலில் பொருந்தும் என்று அறிக்கையைப் பார்த்து முடிவு செய்பவர் ஏமாந்துபோவார்.

சான்றிதழ்களிலும் அப்படித்தான். லிஸனரின் விவரத்தில் வருவது இயல்புச் சான்றிதழ் ஒன்று மட்டுமே. எஸ்என்ஐ (ஒரே லிஸனரில் பல டொமைன்களுக்கு வெவ்வேறு சான்றிதழ் தரும் முறை) வழியாகக் கூடுதலாக இணைக்கப்பட்ட சான்றிதழ்களைப் பெற டிஸ்கிரைப் லிஸனர் சர்டிஃபிகேட்ஸ் என்ற வேறோர் அழைப்பு தேவை. வெளியிலிருந்து வாங்கி, ஏடபிள்யூஎஸ்-இன் சான்றிதழ் சேவையான ஏசிஎம்-இல் இறக்குமதி செய்த சான்றிதழ்கள் தானாகப் புதுப்பிக்கப்படுவதில்லை என்பதால், காலாவதித் தேதியைக் கண்காணிக்க இந்தக் கூடுதல் அழைப்பைத் தவிர்க்கவே முடியாது.

தணிக்கைக் கேள்விக்கு வருகிறேன். லிஸனரின் விவரத்தில் பாதுகாப்புக் கொள்கையின் பெயர் இருக்கும். அந்தப் பெயரைக் கண்டு முடிவெடுப்பது ஆபத்தானது. ‘இஎல்பி செக்யூரிட்டி பாலிசி டிஎல்எஸ்13-1-0-2021-06’ என்ற கொள்கையின் பெயரில் டிஎல்எஸ் 1.3 இருக்கிறது, ஆண்டும் புதிது. ஆனால் அது டிஎல்எஸ் 1.0 வரை அனுமதிக்கிறது. ‘எஃப்எஸ்-2018-06’ என்பதும் அவ்வாறே. எனவே டிஸ்கிரைப் எஸ்எஸ்எல் பாலிசிஸ் அழைப்பின் மூலம் ஒவ்வொரு கொள்கையும் எந்த நெறிமுறைகளை ஏற்கிறது என்ற பட்டியலைப் பெற்று, லிஸனர்களை அதோடு பொருத்துகிறேன். கிளாசிக் வகையில் கொள்கையின் பண்புகளைத் தனியே கேட்டு, டிஎல்எஸ் 1.0-க்கான பண்பின் மதிப்பு உண்மையா பொய்யா என்று பார்க்க வேண்டும்.

இத்தனை அழைப்புகளும் சேரும்போது ‘ரேட் எக்ஸீடட்’ (அழைப்பு வேக வரம்பு மீறப்பட்டது) என்ற பிழை வருவது இயல்பு. இந்த வரம்பு ஒரு கணக்கின் ஒரு ரீஜனுக்கு உரியது. அதாவது நம் ஸ்கிரிப்ட் அவசரப்பட்டால், அதே கணக்கில் அதே நேரத்தில் வேலை செய்யும் டெராஃபார்முக்கும் (உள்கட்டமைப்பை நிரலாக எழுதி உருவாக்கும் கருவி), கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸின் லோட் பேலன்ஸர் கன்ட்ரோலருக்கும் இடம் குறையும். நிலையைப் படிக்க வந்த கருவி, நிலையை மாற்றிக்கொண்டிருக்கும் கருவிக்கு இடையூறாக இருக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கணக்குகளை இணையாக ஓட்டலாம், ஒரே கணக்கின் ஒரே ரீஜனுக்குள் இணையாக ஓட்டுவதில்லை. மறுமுயற்சிக்கு, தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் அடாப்டிவ் முறையை வைத்திருக்கிறேன். மறுமுயற்சிகளும் தீர்ந்துபோனால், அந்த லோட் பேலன்ஸரின் எந்தப் படி வரை படித்தோம் என்பது பதிவாகிறது.

கிடைத்தவற்றை ஜேசன் கோப்புகளாக, ஒரு லோட் பேலன்ஸருக்கு ஒரு கோப்பாக, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் களஞ்சியத்தில் சேர்க்கிறேன். சாவிகளையும் பட்டியல்களையும் நிலையான வரிசையில் எழுதினால்தான் இரு நாட்களுக்கு இடையிலான வேறுபாடு உண்மையான மாற்றத்தை மட்டும் காட்டும். டார்கெட்டுகளின் நலநிலை நிமிடத்துக்கு நிமிடம் மாறக்கூடியது என்பதால் அதைத் தனிக் கோப்பில், கிட்டுக்கு வெளியே வைக்கிறேன். அந்த நலநிலையைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரு டார்கெட் குரூப்பில் உள்ள அனைத்துமே நலமற்றவை என்றால், அப்ளிகேஷன் லோட் பேலன்ஸர் போக்குவரத்தை நிறுத்துவதில்லை, எல்லா டார்கெட்டுகளுக்கும் அனுப்பத் தொடங்குகிறது. நலப் பரிசோதனைக்கான பாதை தவறாக அமைந்த ஒரு சேவை, பார்வைக்குப் பழுதின்றி நீண்ட காலம் ஓடிக்கொண்டிருக்க இதுவே காரணம்.

களஞ்சியத்தை யார் படிக்கலாம் என்பதிலும் கவனம் தேவை. உள்ளடக்க விநியோகச் சேவையான கிளவுட்ஃப்ரன்ட் வழியாக வரும் கோரிக்கைகளை மட்டும் ஏற்பதற்காக, ஒரு தனிப்பட்ட எச்டிடிபி ஹெடரில் ரகசிய மதிப்பை வைத்து லிஸனர் விதியில் சரிபார்ப்பது பரவலான வழக்கம். டிஸ்கிரைப் ரூல்ஸ் அழைப்பு அந்த மதிப்பை மறைக்காமல் அப்படியே தருகிறது. படிக்க மட்டுமே உரிமை என்பதால் தீங்கில்லை என்று எண்ணி அந்தக் கோப்புகளை எல்லோருக்கும் திறந்துவிடக் கூடாது. என் ஸ்கிரிப்ட் ஹெடர் நிபந்தனைகளின் மதிப்புக்குப் பதிலாக, அதிலிருந்து பெற்ற எச்மேக் (ரகசியச் சாவியால் கணிக்கும், மூலத்தை மீட்க முடியாத குறி) மதிப்பை எழுதுகிறது. மதிப்பு மாறியது தெரியும், மதிப்பு தெரியாது.

டெராஃபார்ம் இருக்க இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. டெராஃபார்மின் நிலைக்கோப்பு தன்னிடம் ஒப்படைக்கப்பட்டவற்றை மட்டுமே அறியும். கன்சோலில் கையால் உருவாக்கியதும், குபர்னெட்டிஸ் கன்ட்ரோலர் உருவாக்கியதும், விலகிச் சென்ற ஒரு குழு விட்டுச்சென்றதும் அதில் இருக்காது. ஒரு டார்கெட்கூட இல்லாத லோட் பேலன்ஸருக்கும் மணிக்கணக்கில் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். கணக்கெடுப்பையும் நிலைக்கோப்பையும் ஒப்பிட்டு, எதற்கும் உரியவர் இல்லாதவற்றைத் தனியே பிரித்து, டேக்குகளைக் கொண்டு உரிமையாளரைத் தேடுவது இப்போது வழக்கமான பணியாகிவிட்டது.

அடுத்ததாகச் சேர்த்துக்கொண்டிருப்பது ஏடபிள்யூஎஸ்-இன் டிஎன்எஸ் சேவையான ரூட் 53 பதிவுகளோடு பொருத்தும் பகுதி. ரூட் 53-இன் பதிவில் லோட் பேலன்ஸரின் பெயர் இறுதியில் ஒரு புள்ளியோடு வரும். கன்சோலில் உருவாக்கிய அலையஸ் பதிவுகளில் முன்னால் ‘டூயல்ஸ்டாக்’ என்ற ஒட்டும் சேர்ந்திருக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் இருக்கலாம். இவற்றைச் சீராக்காமல் ஒப்பிட்டால், பயன்பாட்டில் உள்ள லோட் பேலன்ஸர் எந்தப் பெயரும் சுட்டாத ஒன்றாகப் பட்டியலில் தோன்றும், அதை அழித்துவிடலாம் என்று யாரேனும் பரிந்துரைக்கவும் கூடும். அதனால் அந்தப் பட்டியலில் வரும் எதையும், அதன் கோரிக்கை எண்ணிக்கையைக் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்சில் பார்த்த பின்னரே ‘பயன்பாட்டில் இல்லை’ என்று குறிக்கிறேன்.