என்னிடம் சரியாகத்தான் ஓடுகிறது: ஒரு வார நாட்குறிப்பு

மார்ச் 2, திங்கள்

நூல்களுக்குச் சொல்லடைவு (எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்ற பட்டியல்) தயாரிக்கும் என் நிரலை நண்பருக்குக் கொடுத்து மூன்று நாள் ஆகிறது. இன்று ஃபோனில் அழைத்தார். "உங்கள் பட்டியலில் மரம் எத்தனை முறை வருகிறது?" என்றார். 17 என்றேன். "எனக்கு மரம் இரண்டு தடவை இருக்கிறது. ஒன்றுக்கு எதிரே 14, இன்னொன்றுக்கு எதிரே 3."

ஒரே நூல், ஒரே நிரல். அவருடையது விண்டோஸ், என்னுடையது லினக்ஸ். "என்னிடம் சரியாகத்தான் ஓடுகிறது" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அப்படியானால் உங்கள் கணினியையும் சேர்த்து அனுப்புங்கள்" என்றார். நியாயம்தான்.

மார்ச் 3, செவ்வாய்

நாள் முழுவதும் வீண். நிரல் எழுதிய மொழி பைத்தான். அவருடைய பைத்தான் பதிப்பை என்னுடையதோடு ஒத்துப்போகச் செய்தோம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவச் சொன்னேன். நிறுவினார். மரம் 14, மரம் 3.

மீண்டும் நிறுவச் சொல்வது, எனக்குக் காரணம் புரியவில்லை என்பதை நாகரிகமாக ஒப்புக்கொள்ளும் வழி.

மார்ச் 4, புதன்

இன்றுதான் உருப்படியாக யோசித்தேன். நிரலில் நான்கு மாட்யூல்கள், அதாவது தனித்தனிக் கோப்பாக உள்ள பகுதிகள். குறிநீக்கி, சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும் காற்புள்ளி, முற்றுப்புள்ளிகளைக் களைகிறது. விலக்கி, 'ஒரு', 'இது' போன்ற பொதுச் சொற்களைத் தள்ளுகிறது. எண்ணி எண்ணுகிறது. வரிசை, அகரவரிசையில் அடுக்குகிறது. ஒவ்வொன்றையும் தனியே எடுத்து, ஒரே பத்தியைக் கொடுத்து, இரண்டு கணினியிலும் ஓட்டினோம். நான்குக்கும் விடை இம்மி பிசகாமல் ஒன்று. நான்கையும் சேர்த்து ஓட்டினால் மட்டும் வேறு.

அப்படியானால் குற்றம் மாட்யூல்களுக்குள் இல்லை. ஒவ்வொரு மாட்யூலும் ஏற்றப்படும்போது தன் பெயரைத் திரையில் எழுதும்படி ஒரே ஒரு வரி சேர்த்தேன்.

என்னிடம்: குறிநீக்கி, விலக்கி, எண்ணி, வரிசை.
அவரிடம்: எண்ணி, குறிநீக்கி, வரிசை, விலக்கி.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவரிடம் காற்புள்ளியை நீக்குவதற்கு முன்பே எண்ணி முடித்துவிடுகிறது. 'மரம்' ஒரு சொல், 'மரம்,' இன்னொரு சொல். அதன் பிறகு குறிநீக்கி வந்து காற்புள்ளியைத் துடைத்துவிட்டுப் போகிறது. தடயமும் போயிற்று.

மாட்யூல்கள் இருக்கும் கோப்புறையைப் படித்து, வந்த வரிசையிலேயே ஏற்றி ஓட்டும்படி எழுதியது நான்தான். வட்டில் கோப்புகளைச் சேமிக்கும் முறைக்குக் கோப்புமுறை என்று பெயர். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். கோப்புமுறை பெயர்களை வரிசைப்படுத்தி வைத்திருப்பதால் 'எ' முதலில் வந்தது. லினக்ஸின் எக்ஸ்ட்4 ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண்ணைக் கணக்கிட்டு அந்த எண்ணின் வரிசையில் கொடுக்கிறது. அந்தக் கணக்கின் வித்து, அதாவது கணக்கைத் தொடங்கும் எண், வட்டுக்கு வட்டு மாறும். அதாவது இன்னொரு லினக்ஸ் கணினியில்கூட இதே வரிசை வரும் என்று சொல்ல முடியாது. இத்தனை மாதமாக என் நிரல் சரியாக ஓடியது குருட்டு அதிர்ஷ்டத்தில். பைத்தானின் ஆவணத்திலும் கோப்புறைப் பட்டியலின் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

கோப்புப் பெயர்களுக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டுவிடலாம் என்று கை துறுதுறுத்தது. செய்யவில்லை. நாளைக்கு இடையில் ஒன்றைச் செருக வேண்டியிருந்தால் எல்லாவற்றுக்கும் பெயர் மாற்ற வேண்டும். எது ஏன் முன்னால் நிற்கிறது என்பதும் தெரியாது. மாறாக, ஒவ்வொரு மாட்யூலும் தனக்கு முன் எது முடிந்திருக்க வேண்டும் என்று தானே சொல்கிறது: எண்ணிக்கு முன் குறிநீக்கியும் விலக்கியும். முதன்மை நிரல் அதைப் பார்த்து வரிசை அமைக்கிறது.

நண்பரிடம் இப்போது மரம் 17.

மார்ச் 6, வெள்ளி

சும்மா இருக்காமல், புதிதாக லினக்ஸ் நிறுவிய ஒரு மடிக்கணினியிலும் ஓட்டிப் பார்த்தேன். எண்ணிக்கை சரி. ஆனால் 'மனம்' முன்னால், 'மயில்' பின்னால். நம் அகரவரிசையில் னகரம்தான் மெய்களின் கடைசி. கணினி எழுத்துகளுக்குத் தரும் யூனிகோட் எண்களிலோ அது நகரத்துக்கு அடுத்து, பகரத்துக்கு முன் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கணினியில் தமிழுக்கான மொழி அமைப்பு நிறுவப்படவே இல்லை. அதனால் நிரல் வெறும் எண்வரிசையில் அடுக்கியிருக்கிறது.

இது பெரிய விஷயமல்ல. எரிச்சலூட்டியது வேறு. மொழி அமைப்பு இல்லை என்று பைத்தான் பிழைச் செய்தி எழுப்பத்தான் செய்தது. அதைப் பிடித்து, ஒன்றும் நடக்காததுபோல் மேலே போகும்படி இரண்டு வரி இருந்தது. யார் எழுதியது என்று பார்த்தேன். நான்தான், போன ஆண்டு.

மார்ச் 8, ஞாயிறு

பொதுச் சொற்களின் பட்டியலைத் தொகுக்கும் தோழி, திருத்திய பட்டியலை ஜிப் கோப்பாக அனுப்பினார். விரித்து ஓட்டினேன். 'ஒரு', 'இது', 'என்று' எல்லாம் சொல்லடைவில் ஏறி உட்கார்ந்துவிட்டன. பட்டியல் உள்ள 'பொதுச்சொல்' என்ற கோப்பு கோப்புறையில் கண்ணெதிரே இருக்கிறது. நிரலுக்கோ அப்படி ஒன்று இல்லவே இல்லை. விலக்கியும் வழக்கம்போல் மூச்சுவிடாமல் போய்விட்டது. அதுவும் என் கைவண்ணமே.

கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்து எண்ணினேன். அமைப்புக் கோப்பில் நான் தட்டிய 'பொதுச்சொல்' 10 குறியீடு. கோப்புறையில் இருப்பது 12. திரையில் இரண்டுக்கும் எள்ளளவும் வித்தியாசம் இல்லை. கூடுதல் இரண்டு எங்கே? 'பொ'விலும் 'சொ'விலும். யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். தோழியின் கணினி பழைய மேக். அதிலுள்ள எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்புமுறை, பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். ஜிப்புக்குள் அந்தக் கொம்பும் காலும் தனித்தனியாகவே பயணம் செய்து வந்திருக்கின்றன.

பெயர்களை ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் சேர்ந்த வடிவுக்கு மாற்றும் ஒரு வரியில் தீர்ந்தது. கண்டுபிடிக்க ஆனது நான்கு மணி நேரம்.

மார்ச் 9, திங்கள்

பேசாமல் நழுவும் வரிகள் எல்லாவற்றையும் தேடி எடுத்தேன். மொத்தம் ஏழு. இனி வேண்டியது கிடைக்காவிட்டால், எது கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு நிரல் நின்றுவிடும். எல்லோருக்கும் புதிய பதிப்பை அனுப்பினேன்.

இரவு நண்பர் அழைத்தார். "முன்பாவது ஓடியது. இப்போது ஓடவே மாட்டேன் என்கிறது."

"என்ன சொல்கிறது?"

"பொதுச்சொல் கோப்பு இல்லையாம்."

பட்டியலை அவர் இதுவரை கோப்புறையில் போட்டதே இல்லை. புதன்கிழமை ஓட்டிப் பார்த்த பத்தியில் பொதுச் சொல் எதுவும் இல்லாததால் அன்று இது தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அவர் சரிபார்த்து அனுப்பிய சொல்லடைவை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் 'ஒரு', 212 முறை.