எலாஸ்டிக்சர்ச்சிடம் எஸ்கியூஎல்லில் கேள்வி கேட்டபோது

எங்கள் சர்வர் லாக் (சர்வர் எழுதும் பதிவுகள்) எல்லாம் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் இயந்திரத்தில் இருக்கிறது. எந்தச் சேவையில் எத்தனை பிழை வந்தது என்று தினமும் ஓர் அறிக்கை வேண்டும். அணியில் எல்லோருக்கும் தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல் அத்துப்படி. அடைப்புக்குள் அடைப்பாகப் போகும் எலாஸ்டிக்சர்ச்சின் சொந்தக் கேள்வி மொழி பலருக்குப் பழக்கமில்லை. 6.3 பதிப்பிலிருந்தே எஸ்கியூஎல் வசதி உண்டு என்பதால் அந்த வழியிலேயே போனேன். டிரைவர் (இணைப்புக்கான தனி மென்பொருள்) எதுவும் நிறுவ வேண்டாம், எச்டிடிபி போதும்.

9200 போர்ட்டில், அடிக்கோடு போட்டு எஸ்கியூஎல் என்று முடியும் பாதைக்கு ஒரு போஸ்ட் கோரிக்கை அனுப்ப வேண்டும். அதன் பாடியில், அதாவது உள்ளடக்கத்தில், பெயரும் மதிப்புமாகத் தரவை எழுதும் ஜேசான் வடிவம். அதற்குள் குவெரி என்ற பெயருக்கு எதிரே நம் செலக்ட் வாக்கியம். கன்டென்ட்-டைப் ஹெடரில் ஜேசான் என்று குறிப்பிட வேண்டும். கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கர்லில் அதை விட்டால் 406 என்ற பிழை வரும். ஃபார்மட்டில் டிஎக்ஸ்டி (வெற்று உரை) கேட்டால் பதில் அழகான அட்டவணையாகவே திரையில் விழுகிறது. முதலில் அதைப் பார்த்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

நேரம் பிடித்தது மேற்கோள் குறிகளில்தான். இண்டெக்ஸ் (எஸ்கியூஎல்லில் அட்டவணை போன்றது) பெயரில் ஹைஃபன் இருந்தால் அதை இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும். தேடும் மதிப்புக்கு ஒற்றை மேற்கோள். ஆனால் ஜேசானே இரட்டை மேற்கோளில் நிற்பதால், உள்ளே இருக்கும் ஒவ்வோர் இரட்டை மேற்கோளுக்கும் முன்னால் பேக்ஸ்லாஷ் வேண்டும். கர்லில் மொத்தத்தையும் ஒற்றை மேற்கோளில் சுற்றினால், உள்ளேயும் ஒற்றை மேற்கோள் இருப்பதால், கட்டளைகளைப் படிக்கும் ஷெல் நடுவில் புகுந்து குழப்பும். ஜேசானைத் தனி ஃபைலில் எழுதி, கர்லுக்கு ஆட் (@) குறியோடு ஃபைல் பெயரைக் கொடுத்துவிட்டால் ஷெல் தொல்லை போய்விடும். மாறும் மதிப்புகளை வாக்கியத்தில் ஒட்டாமல் கேள்விக்குறி வைத்து, பேரம்ஸ் என்ற பட்டியலில் தனியாக அனுப்பலாம். பயனர் தட்டச்சு செய்வது எதுவும் கேள்விக்குள் போகுமானால் இதை விட்டு வேறு வழியில் போகவே கூடாது.

அடுத்தது பக்கங்கள். நாம் மாற்றாவிட்டால் ஒரு தடவைக்கு 1000 வரிசைதான் வரும். மேலும் இருந்தால் கர்சர் என்று ஒரு நீளமான குறியீடு கூடவே வரும். அதை மட்டும் திருப்பி அனுப்பினால் அடுத்த பக்கம் கிடைக்கும். அதில் நெடுவரிசைப் பெயர்கள் இருக்காது, முதல் பக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கர்சர் வராத பக்கம்தான் கடைசி. காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி வடிவில் கேட்டால் கர்சர் பதிலின் ஹெடரில் வரும்; பாடியை மட்டும் சேமிக்கும் ஸ்கிரிப்ட் முதல் 1000 வரிசையோடு சத்தமில்லாமல் நின்றுவிடும். பாதியில் நிறுத்துவதானால் குளோஸ் பாதைக்கு கர்சரை அனுப்பி மூடிவிடுவது நல்லது.

டெக்ஸ்ட், கீவேர்ட் வித்தியாசமும் இங்கே முக்கியம். டெக்ஸ்ட் புலம் சொற்களாகப் பிரிக்கப்பட்டு இருப்பது, கீவேர்ட் பிரிக்காமல் முழுதாக இருப்பது. டெக்ஸ்ட் புலத்தின் மேல் குரூப் பை (ஒரே மதிப்புள்ளவற்றைக் குழுவாக்குவது) போட, கீவேர்ட் துணைப்புலம் ஒன்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிழைதான். பிழைச் செய்திக்குள் சொல் தேட மேட்ச் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஸ்கோர் வைத்துப் பொருத்தமானதை மேலே கொண்டுவரலாம். தேடல் இயந்திரத்திடம் போய்க் கேட்பதே இதற்காகத்தானே!

எனக்கு மிகவும் பிடித்தது டிரான்ஸ்லேட் பாதை. நம் எஸ்கியூஎல் உள்ளே எந்தக் கேள்வியாக மாறுகிறது என்று, ஓட்டாமலேயே காட்டிவிடும். என் குரூப் பை ஒரு காம்போசிட் அக்ரிகேஷனாக, அதாவது குழுவாரியாகத் தொகுக்கும் கேள்வியாக, மாறியிருந்தது. லாக் பதிவுகள் எதையும் முழுதாக இழுக்கவில்லை. அதைப் பார்த்தபிறகுதான் தைரியமாகத் தினசரி வேலையில் சேர்த்தேன்.

இரண்டு அட்டவணைகளை இணைக்கும் ஜாயின் மட்டும் இதில் கிடையாது. எந்தச் சேவைக்கு யார் பொறுப்பு என்ற பட்டியல் போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுத்தளத்தில் இருக்கிறது. எனவே இங்கே எண்ணிக்கையை மட்டும் எடுத்து, சிஎஸ்வியாக அங்கே ஏற்றி, ஜாயினை அங்கேயே முடித்துக்கொள்கிறோம்.