ஆர்எக்ஸ் 580: மைனிங்கில் உழைத்த கார்டை வீட்டுக்குப் பழக்கிய அனுபவம்

பழைய ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "எந்த 580?" 2017 ஏப்ரலில் ஏஎம்டி இதை வெளியிட்டபோது மெமரியில் 4 ஜிபி, 8 ஜிபி என இரண்டு வகை. இரண்டிலும் 2304 ஷேடர்கள் (படத்தைக் கணக்கிடும் சின்னச் சின்னப் பகுதிகள்). அடுத்த ஆண்டு கடைசியில் சீனச் சந்தைக்கென்று 2048எஸ்பி என்று ஒன்று வந்தது. பெயர் 580, உள்ளே இருப்பது அதற்கு ஒரு படி கீழான 570-இன் சரக்கு. பெட்டி, பில் எதுவும் இல்லாத பழைய சரக்கோடு கலந்து அது இங்கேயும் வந்துவிட்டது. ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து ஷேடர் எண்ணிக்கையைப் பார்த்தால் அடுத்த நொடி தெரிந்துவிடும். என் அத்தை மகன் 580 என்று வாங்கியது இந்த 2048 வகைதான். கொடுத்த காசும் 570-க்கான காசுதான் என்பதால் அவன் அலட்டிக்கொள்ளவில்லை.

நான் வாங்கியது அசல் 8 ஜிபி. சென்னை ரிச்சி தெருவில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரு சின்னக் கடையில். கிரிப்டோ நாணயம் ஈட்ட ராப்பகலாகக் கணக்குப் போடவிடுவதுதான் மைனிங்; அதில் உழைத்த கார்டா என்று கேட்டேன்.

"மைனிங் கார்டாண்ணே?"

"இல்ல தம்பி, ஒரு பையன் கேம் ஆடிட்டு இருந்தது."

வீடியோ போர்ட்டுகளில் பிளாஸ்டிக் மூடிகள் அப்படியே இருந்தன. அந்தப் பையன் மானிட்டர் இல்லாமல் எப்படி கேம் ஆடினான் என்று கேட்கவில்லை. விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ள அந்த மூடிகள் உதவின. மைனிங் கார்டு என்று தெரிந்தேதான் வாங்கினேன். 2022 செப்டம்பர் 15 அன்று ஈத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கைக் கைவிட்டது. அதோடு உலகம் முழுக்க இந்த மாதிரிக் கார்டுகள் கொத்துக் கொத்தாகச் சந்தைக்கு வந்தன. 4 ஜிபி கார்டுகளுக்கு அதற்கும் முன்னால், 2020 கடைசியிலேயே விடுதலை கிடைத்தது. மைனிங்குக்குத் தேவைப்படும் தரவு 4 ஜிபிக்குள் அடங்காமல் போனதால்.

மைனிங் என்றாலே ஓடுகிறவர்களிடம் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. மின்சாரச் செலவைக் குறைக்க அவர்களே வோல்டேஜைக் குறைத்துத்தான் ஓட்டுவார்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறி என்று இல்லாமல் ஒரே வெப்பத்தில் கார்டு கிடக்கும். அதனால் சிப் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. கெட்டுப்போவது அதைச் சுற்றியிருப்பவை: ராப்பகலாகச் சுற்றிய பேன், சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்தது, மாற்றி எழுதிய பயாஸ் (கார்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்). என் கார்டில் இந்த மூன்றுமே இருந்தன.

முதலில் பயாஸ். லினக்ஸில் கார்டு ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. விண்டோஸில் டிரைவர் ஏறவே இல்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம். காரணம் எளிது. விண்டோஸ் டிரைவர் பயாஸின் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது, லினக்ஸின் ஏஎம்டிஜிபியு டிரைவர் அதைக் கண்டுகொள்வதில்லை. மைனிங் செய்கிறவர்கள் மெமரி டைமிங்கை (மெமரி ஒவ்வொரு வேலைக்கும் காத்திருக்கும் நேரத்தை) மாற்றி எழுதுவார்கள். குறைந்த வேகத்துக்கான இறுக்கமான டைமிங்கை எடுத்து அதிக வேகத்துக்கும் போட்டுவிடுவார்கள். மைனிங்குக்கு அது லாபம், கேமில் திடீரென்று திரை கருப்பாவதற்கும் அதுவே வழி. அந்தக் கையொப்பச் சோதனையை முடக்கும் பேட்ச் ஒன்று கிடைக்கிறது. ஆனால் பயாஸையே பழையபடி ஆக்குவதுதான் முறை என்று எனக்குப் பட்டது.

என் கார்டின் மேல் விளிம்பில் இரட்டை பயாஸுக்கான சின்ன சுவிட்ச் இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, அதை மறுபக்கம் தள்ளி, திரும்பப் போட்டதும் விண்டோஸ் டிரைவர் உடனே ஏறியது. மைனிங் ஆசாமி ஒரு பக்கத்தை மட்டும்தான் தொட்டிருக்கிறார். நல்ல பயாஸை ஜிபியு-இசட் வழியாக ஒரு கோப்பாகச் சேமித்தேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சைக் கெட்ட பக்கம் தள்ளி, ஏஎம்டிவிபிபிளாஷ் கருவியால் அந்தக் கோப்பை எழுதினேன். இப்போது இரண்டு பக்கமும் ஒன்று. சுவிட்ச் இல்லாத கார்டு என்றால் டெக்பவர்அப் தளத்தின் பயாஸ் தொகுப்பில் தேட வேண்டும். தயாரிப்பாளரும் மாடலும் பொருந்தினால் மட்டும் போதாது. மெமரி சிப் சாம்சங்கா, ஹைனிக்ஸா, மைக்ரானா என்று பார்த்து, அதை ஆதரிக்கும் பயாஸைத்தான் எழுத வேண்டும். எழுதும் முன் பழையதை எடுத்து வைத்துக்கொள்வது கட்டாயம். பிறகு மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்-வல்கனை வெகுநேரம் ஓடவிட்டேன். ஒரு பிழையும் இல்லை.

அப்புறம் திறப்பு விழா. சிப்பைச் சுற்றி நாலு ஸ்பிரிங் ஸ்குரூ, மின்பகுதிக்கு மேல் இன்னும் சில. சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட்சிங்கை எடுத்ததும் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு போல உதிர்ந்தது. தெர்மல் பேட் (மெமரியின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் மெத்தை) இருந்த இடங்களில் போர்டு எண்ணெய்ப் பசையாக இருந்தது. இதைப் பார்த்து ஏதோ கசிந்து கெட்டுவிட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பேடில் உள்ள சிலிக்கான் எண்ணெய் நாள்பட்ட சூட்டில் வடிவதுதான் அது; ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் போய்விடும். பேட் மாற்றும்போது தடிமன்தான் முக்கியம். தடிமன் கூடினால் ஹீட்சிங்க் சிப்பின் மேல் சரியாக உட்காராது. மெமரியைக் காப்பாற்றப் போய் சிப்பைச் சூடாக்குவோம். பழைய பேடின் அழுந்தாத ஓரத்தை அளந்து பார்த்து, அதே அளவில் வாங்கினேன். கார்டை முழு வேகத்தில் வாட்டும் ஃபர்மார்க் சோதனையை ஓட்டினால் முன்பு 86 டிகிரியில் நின்று பேன் அலறும். பேஸ்ட் மாற்றிய பிறகு 75, 76. சத்தமும் பாதியாகிவிட்டது.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கார்டின் கணக்கு 185 வாட். ஸ்லாட்டில் இருந்து அதிகபட்சம் 75 வாட் வரும், மிச்சம் 8 பின் இணைப்பில் வர வேண்டும். மேலே 450 வாட் என்று அச்சடித்து, உள்ளே ஒரு 6 பின்கூட இல்லாத மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் மோலெக்ஸ் (பழைய 4 பின் இணைப்பு) மாற்று வயரைப் போட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். யுபிஎஸ்ஸும் அப்படித்தான். நம் வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட் தாங்கும். கேம் நடுவில் கரண்ட் போனால், பிராசஸர், கார்டு, மானிட்டர் எல்லாம் சேர்ந்து அதன் விளிம்புக்கே வந்துவிடும். என் யுபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துபோகும்.

அதற்கு மருந்தாகக் கிடைத்ததுதான் வோல்டேஜ் குறைப்பு. இந்தக் கார்டில் எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள் என்பேன். தொழிற்சாலையில் எல்லாச் சிப்புக்கும் ஒரே மாதிரி தாராளமாக வோல்டேஜ் கொடுத்துவிடுகிறார்கள். மோசமான சிப்பும் ஓட வேண்டுமே என்ற கணக்கு. என்னுடையது 1150 மில்லிவோல்ட்டில் இருந்தது. ஒவ்வொரு படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் கேம் ஆடிப் பார்த்து, 1300 மெகாஹெர்ட்ஸுக்கு 1050-இல் நிறுத்தினேன். இன்னும் கீழே போனால் திரையில் புள்ளிகள் மின்னின. கேமில் வித்தியாசம் தெரியவில்லை. மென்பொருள் காட்டும் மின் அளவு 145 வாட்டில் இருந்து 110-க்கு இறங்கியது. இந்த எண் சிப் மட்டும் இழுப்பது. மெமரி, பேன், மின்பகுதி எல்லாம் இதில் வராது. சுவரில் இருந்து இழுப்பது எப்போதும் இதைவிடக் கூடுதல். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில், கத்திரி வெயில் நேரத்தில், இந்த 35 வாட் கார்டைவிட எனக்குத்தான் அதிகம் உதவியது. யுபிஎஸ்ஸும் இப்போது கத்துவதில்லை. லினக்ஸில் இதையே லேக்ட் அல்லது கோர்கன்ட்ரோல் என்ற மென்பொருளில் செய்யலாம். அதற்கு முன் கர்னல் வரியில் ஏஎம்டிஜிபியுவின் பிபிஃபீச்சர்மாஸ்க் அமைப்பைச் சேர்த்திருக்க வேண்டும்.

கேம் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1080பியில் ஜிடிஏ 5 அட்டகாசம். சைபர்பங்க் 2077-இன் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில், 2.0 அப்டேட்டுக்குப் பிறகு, இந்த 8 ஜிபி 580 பெயர் சொல்லியே இடம்பெற்றது. எஃப்எஸ்ஆர் (சிறிய படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் உத்தி) போட்டால் ஆடலாம், அழகை எதிர்பார்க்கக் கூடாது. ஒளியின் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங் வன்பொருள் கட்டாயம் என்று கேட்கும் புதிய கேம்களைப் பற்றி நினைக்கவே வேண்டாம். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 வைத்திருக்கும் நண்பன் ஒருவன் பல வருடமாக 120 வாட் என்று சொல்லி என்னைக் கேலி செய்வான். மின்சாரத்தில் அவன் சொல்வது நியாயம். ஆனால் அவனுடைய 6 ஜிபி மெமரி நிரம்பி கேம் திக்கும்போது என்னுடையதில் இடம் மிச்சமிருக்கும்.

அந்த 8 ஜிபிக்கு இப்போது நான் கொடுத்திருக்கும் வேலை வேறு. வீட்டிலேயே மொழி மாதிரி (சாட்ஜிபிடி போலப் பதில் எழுதும் ஏஐ) ஓட்டிப் பார்க்கிறேன். இந்த வேலைக்கான ஏஎம்டியின் ஆர்ஓசிஎம் மென்பொருள் இந்தத் தலைமுறையைக் கைவிட்டுவிட்டது, ஆனால் லாமா.சிபிபி என்ற கருவி வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகத்தின் வழியாக நன்றாகவே ஓடுகிறது. 800 கோடி அளபுருக்கள் (பாராமீட்டர்கள்) கொண்ட மாதிரியை 4 பிட்டாகச் சுருக்கினால் 5 ஜிபிக்குள் வந்துவிடும். கார்டிலேயே முழுதும் அடங்கும். மாதிரி எழுதும் ஒவ்வொரு டோக்கனுக்கும் (சொல் துண்டுக்கும்) அந்த 5 ஜிபியையும் ஒரு தடவை படித்தாக வேண்டும். கார்டின் மெமரி வேகம் நொடிக்கு 256 ஜிபி. ஆக, காகிதத்தில் நொடிக்கு 50 டோக்கன். என் மேசையில் பாதிகூட வரவில்லை. ஆங்கிலப் பதிலைக் கண்ணால் படிக்க அந்த வேகம் போதும். தமிழில்தான் இழுக்கிறது. நம் ஒரு சொல்லைப் பல துண்டாக உடைத்துத்தான் இந்த மாதிரிகள் பெரும்பாலும் எழுதுகின்றன, அதனால் அதே பதிலுக்குத் தமிழில் இன்னும் நிறைய டோக்கன் வேண்டியிருக்கிறது. ஒரு கேள்வி கேட்டுவிட்டு டீ போட்டு வரலாம்.

எரிச்சல்களும் இருக்கின்றன. ஏவி1 என்ற சுருக்க வடிவில் வரும் வீடியோவைப் பிரிக்கும் வன்பொருள் இதில் கிடையாது. யூடியூபில் அந்த வடிவம் வந்தால் சுமை முழுக்க பிராசஸர் தலையில்; பிரவுசர் எக்ஸ்டென்ஷன் போட்டு ஏவி1-ஐத் தடுத்து வைத்திருக்கிறேன். இரண்டாவது மானிட்டரைச் செருகினால் சும்மா இருக்கும்போதும் மெமரி 2000 மெகாஹெர்ட்ஸில் நின்றுவிடுகிறது, கீழே இறங்குவதே இல்லை. முப்பது வாட் சும்மா போகிறது. விண்டோஸ் டிரைவரையும் 2023-இல் ஏஎம்டி தனிப் பொட்டலமாகப் பிரித்துவிட்டது. புதிய கேமுக்கான சீர்படுத்தல்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. லினக்ஸில் கிராபிக்ஸ் டிரைவர் எழுதும் மெசா திட்டத்து ஆட்கள் இன்னும் இதைக் கவனித்துக்கொள்கிறார்கள், அதனால் நான் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறேன்.

மிச்சம் இருப்பது பேன் வேலை. இடதுபக்க பேன் குளிர்ந்திருக்கும்போது கரகரவென்று ஓடிப் பிறகு அடங்குகிறது, பேரிங் தேய்ந்துவிட்டது. ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டதில் கொஞ்ச நாள் அமைதியாக இருந்தது, திரும்ப ஆரம்பித்துவிட்டது. பேன் நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் எண்ணையும் வயரின் பின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு ஆர்டர் போட்டிருக்கிறேன். ஜோடியாகத்தான் விற்கிறார்கள். வரட்டும், இரண்டையும் மாற்றிவிட்டு வெப்ப அளவுகளைத் திரும்ப எடுத்துச் சொல்கிறேன்.